பேப்பர் பிளேட் நம்ம பொறுப்பு

நேற்று இரவு, ஊர் உறங்கப் போகும் நேரத்தில், எங்கள் வாட்ஸ்அப் குழுவில் ஒரு கேள்வி வந்து விழுந்தது: "ஸோ, டேட் இன்னும் ஃபிக்ஸ் ஆகலையா?"

குழுவின் பெயர் 'மணல் கொள்ளை மே 22 டு 25'.

கேட்டவர் அந்தப் பெயரைத் தொட்டுத்தான் உள்ளே வந்திருக்க வேண்டும். வேறு வாசல் கிடையாது. கேள்விக்குக் கீழே சிலர் கட்டைவிரலைத் தூக்கிக் காட்டியிருந்தார்கள். எதற்கு? தேதி முடிவாகவில்லை என்பதற்கா, நல்ல கேள்வி என்பதற்கா? இன்னொருவர் 'ப்ளஸ் ஒன்' போட்டிருந்தார். கேள்விக்கு எப்படி ஐயா ப்ளஸ் ஒன் போடுவது? போனைக் கவிழ்த்து வைத்துவிட்டுப் படுத்தேன். தூக்கம் வரவில்லை, அதனால் எழுதுகிறேன். ஆர்.வி. என்கிற வீட்டுவண்டியை எடுத்துக்கொண்டு மணல்மேட்டுக்குப் போகிறவர்களுக்குப் பயன்படும் விஷயம் ஒன்று, மணலில் சறுக்கும் பலகையைப் பற்றி, என்னிடம் இருக்கிறது. அதைச் சொல்லிவிட்டால் மனசு ஆறிவிடும்.

போகும் இடம் கொலராடோவின் தெற்கே இருக்கும் கிரேட் சாண்ட் டியூன்ஸ் தேசியப் பூங்கா. டென்வரிலிருந்து நாலு மணி நேரம் என்று மேப் சொல்லும். மேப்புக்குக் குழந்தைகள் இல்லை. வட அமெரிக்காவிலேயே உயரமான மணல்மேடுகள் அங்கேதான் இருக்கின்றன. ஸ்டார் டியூன் என்பது 741 அடி. பின்னால் சாங்க்ரே டி கிறிஸ்டோ மலைகளில் பனி, முன்னால் பாலைவனம், அடிவாரத்தில் மெடானோ ஓடை. மே கடைசியிலும் ஜூன் தொடக்கத்திலும் பனி உருகி ஓடை பெருகும். தண்ணீருக்கு அடியில் மணல் தானாகச் சின்னச் சின்ன அணை கட்டும், அணை உடையும், அலை புரண்டு வரும். கடலே இல்லாத மாநிலத்தில் அலை என்றால் யார்தான் விடுவார்கள்? மெமோரியல் டே விடுமுறைக்குப் பாதி கொலராடோ அந்த ஓடையில் உட்கார்ந்திருக்கும். நாங்களும் அதே விடுமுறையைத்தான் ஓட்டெடுப்பு நடத்தித் தேர்ந்தெடுத்தோம். நேற்றுத் தேதி கேட்டவரும் ஓட்டுப் போட்டார். மே 22க்குப் போட்டார், ஜூன் 5க்குப் போட்டார், 'எந்தத் தேதியும் ஓகே' என்பதற்கும் போட்டார்.

கரூரில் இருக்கும் மாமியாருக்கு வீடியோ காலில் அந்த மணலைக் காட்டினேன். வெகுநேரம் பார்த்தார். "இத்தனை மணலும் கேப்பாரில்லாமயா கெடக்குதுங்க மாப்ளே? ஒரு லாரியக்கூடக் காணோமே" என்றார். அமெரிக்க அரசாங்கம் 1932லேயே நினைவுச்சின்னமாக அறிவித்து, 2004ல் தேசியப் பூங்காவாக்கிவிட்டது, ஒரு பிடிகூட அள்ளக் கூடாது என்றேன். "இங்கயும் அப்படித்தானுங்க சொல்றாங்க" என்றார். குழுவுக்குப் பெயர் அப்போது வைத்ததுதான்.

பூங்காவுக்குள் இருக்கும் முகாமுக்குப் பின்யோன் ஃபிளாட்ஸ் என்று பெயர். மொத்தமே 88 இடங்கள். ஆறு மாதத்துக்கு முன்பே முன்பதிவு திறந்துவிடும். நவம்பர் குளிரில், விடியலில், இரண்டு லேப்டாப்பும் மனைவியின் போனுமாக நான் உட்கார்ந்திருந்தபோது குழு சும்மா இருக்கவில்லை. 'ஆல் தி பெஸ்ட்' அனுப்பியது. இடம் கிடைத்ததும் விதிமுறைகளைத் தமிழில் தட்டச்சு செய்து குழுவின் உச்சியில் குத்தி வைத்தேன்: அங்கே மின் இணைப்பு இல்லை, தண்ணீர்க் குழாயை வண்டியில் மாட்ட முடியாது, கழிவுநீர் இணைப்பு இல்லை, 35 அடிக்கு மேல் நீளமான வண்டிக்கு இடமில்லை, ஜெனரேட்டரை நினைத்த நேரத்தில் ஓட்டக் கூடாது.

முதல் பதில்: "சூப்பர் ஜி! இண்டக்‌ஷன் ஸ்டவ் எடுத்துட்டு வரவா?"

அந்த இடம் 2,500 மீட்டர் உயரம். தண்ணீர் சுமார் 92 டிகிரியிலேயே கொதித்துவிடும், திறந்த பாத்திரத்தில் துவரம்பருப்பு லேசில் வேகாது, குக்கர் கட்டாயம் வேண்டும் என்று பௌதிகப் பாடமே நடத்தினேன். "அப்போ ரைஸ் குக்கர்?" என்றார் அவர். மின்சாரம் இல்லை என்பது முதல் வரி. அதற்கு மேலே எழுத இடமில்லாததால்தான் முதல் வரியாக எழுதினேன்.

சரி, பலகைக்கு வருகிறேன். அதற்கு முன்னால் எக்செல்.

ஒரு ஷீட் போட்டேன். இடப்பக்கம் பொருள், வலப்பக்கம் யார் பொறுப்பு. வண்டியைச் சமன்படுத்தும் கட்டைகள், கழிவுநீர்க் குழாய், கையுறை, அரிசி, பருப்பு, உப்பு, குக்கர், வெயில் கூடாரம், முதலுதவிப் பெட்டி என்று நீளமான பட்டியல். இணைப்பை அனுப்பிவிட்டு நிமிர்வதற்குள் பட்டியலின் அடியில் எங்கோ கிடந்த 'பேப்பர் பிளேட்' வரிசையில் ஒரு பெயர் ஏறிவிட்டது. மேலே முதல் வரிசை 'டிரைவர்'. அதை யாரும் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. குழுவிலும் அறிவிப்பு வந்தது, கூப்பிய கையோடு: "பேப்பர் பிளேட் நம்ம பொறுப்பு!"

இந்த அண்ணன் இல்லாத தமிழ்க் குழு அமெரிக்காவில் உண்டா? பொங்கல் விழா, பூங்காச் சந்திப்பு, வளைகாப்பு, எதுவானாலும் பட்டியல் வந்த கணத்தில் பிளேட்டைப் பிடித்துவிடுவார். அவர் கெட்டிக்காரர். பிளேட் ஊசிப்போகாது. ஃபிரிட்ஜில் வைக்க வேண்டாம். முந்தின இரவு ஊறப்போட வேண்டாம். போகிற வழியில் வாங்கிக்கொள்ளலாம், மிச்சத்தை வீட்டுக்குக் கொண்டுபோகலாம். எல்லாவற்றுக்கும் மேலே, குறை சொல்ல முடியாது. சாம்பார் வைத்தவளைப் பார்த்து உப்புக் கம்மி என்று சொல்ல எல்லோருக்கும் வாய் இருக்கிறது. பிளேட்டில் உப்புக் கம்மி என்று எவன் சொன்னான்? விருந்து முழுக்க அவர் நிமிர்ந்தே நிற்பார். "தட்டு போதுமா? இன்னும் இருக்கு, எடுத்துக்குங்க" என்று உபசரிப்பார். பத்துப் பேருக்குப் புளியோதரை கிளறி வந்த பெண்மணி ஓரமாக நின்று கேட்டுக்கொண்டிருப்பார்.

பிளேட் போனதும் இரண்டாமவர் வந்தார். "அடடா, நான் போடலாம்னு இருந்தேனே." அவருக்கு ஆறுதல் பரிசாக ஸ்பூன். மூன்றாமவர் கப். நான்காமவர் டிஷ்யூ. ஆக, குப்பையில் போடவேண்டிய பொருள்களின் இலாகா நாலு குடும்பங்களுக்குள் கச்சிதமாக முடிந்துவிட்டது. சமையல் இலாகாவில் ஒரே குடும்பம், என்னுடையது. அதுவும் என் மனைவி ஷீட்டைத் திறப்பதற்கு முன்பே யாரோ போட்டது.

பிளேட்டிலும் கட்சிகள் உண்டு. மூன்று அறை பிளேட் கட்சிக்கு, ரசம் சுவரேறிக் குதித்துக் கேசரியில் இறங்கும் என்ற ஞானம் கடைசிவரை வராது. பாக்குமட்டைக் கட்சிக்காரர் சுற்றுச்சூழல் ஆர்வலர். தட்டு மட்கி மண்ணாவதைப் பற்றி இரண்டு நாள் செய்தி அனுப்புவார். தனி எஸ்.யூ.வி.யில் வருவார். வாழையிலைக் கட்சி ஆபத்தானது. "இந்தியன் ஸ்டோர்ல ஃப்ரோஸன் இலை கிடைக்குது ஜி. மணல்மேட்டு அடியில தலைவாழை போட்டா எப்படி இருக்கும்!" என்பார். இலையை மட்டும் அவர் கொண்டுவருவார். அதன்மேல் விழவேண்டிய கூட்டு, பொரியல், அப்பளம், பாயசம் எல்லாம் வானத்திலிருந்து விழும் என்பது அவர் நம்பிக்கை.

எண்ணிக்கை என்று வந்தால் இவர்கள் யாருக்கும் பெருக்கல் தெரியாது. பெரிய கடையில் நூற்றுக்கணக்கில் கட்டிய பொட்டலத்தைத்தான் தூக்குவார்கள். போன பிக்னிக்கின் மிச்சம் அவரவர் கராஜில் அட்டத்தைத் தொட்டு நிற்கிறது. அதைத் தொட மாட்டார்கள், புதிது வாங்கினால்தானே ரசீதைக் குழுவில் போடலாம்! உப்பு வரிசை இன்றுவரை காலி.

இதில் காற்றைப் பற்றி யாராவது யோசித்தார்களா? அந்த மேடுகளைக் கட்டியதே காற்று. சான் லூயிஸ் பள்ளத்தாக்கின் பழைய ஏரிப்படுகை மணலைத் தென்மேற்குக் காற்று மலையடிவாரத்துக்குத் தள்ளிக் குவித்திருக்கிறது. ஒரு மலையையே தள்ளிக்கொண்டு வந்த காற்றின் முன்னால் நீங்கள் பேப்பர் பிளேட்டை நீட்டுகிறீர்கள். வசந்த காலத்தில் வேறு அது கொஞ்சம் தாராளமாகவே வீசும். தயிர்சாதம் இருக்கும்வரை தட்டு கையில் இருக்கும், சாதம் குறையக் குறையத் தட்டுக்குத் தைரியம் வரும். பறந்தால் துரத்தித்தான் ஆக வேண்டும், தேசியப் பூங்காவில் குப்பை போட முடியாது. கறுப்புக் கரடிகள் நடமாடும் இடம், எச்சில் தட்டை வெளியே விட்டுவைக்கவும் கூடாது. இத்தனையையும் பொறுமையாக எழுதினேன். அண்ணன் ஒரே வரியில் தீர்த்தார்: "ஹெவி டியூட்டி வாங்கிடலாம் ஜி."

எரிச்சல் எதில் என்றால், விஷயத்தில் அவர் சொல்வதுதான் சரி. வண்டித் தொட்டியில் தண்ணீர் சுமார் 40 காலன். எவர்சில்வர் தட்டு கொண்டுபோய்க் கழுவ ஆரம்பித்தால் இரண்டாம் நாள் காலையில் பல் தேய்க்கத் தண்ணீர் இருக்காது. கழுவிய தண்ணீரோ கீழ்த்தொட்டியில் நிறைந்து நிற்கும். ஆர்.வி.யில் பேப்பர் பிளேட் அத்தியாவசியம். அதை அவர் யோசித்துச் செய்தாரா? இல்லை. அதுதான் வயிறு எரிகிறது.

தொட்டி என்றதும் ஞாபகம் வருகிறது. மற்றக் குடும்பங்கள் பக்கத்து இடங்களில் கூடாரம் அடிக்கிறார்கள். முகாமில் பொதுக் கழிப்பறை இருக்கிறது. ஆனாலும் "ராத்திரிக்கு மட்டும், குழந்தைங்களுக்கு மட்டும்" நம் ஆர்.வி.யை உபயோகிக்கலாம் என்று குழு ஏகமனதாகத் தீர்மானித்துவிட்டது. கழிப்பறைக் கழிவு போய்ச் சேரும் தொட்டிக்குக் கறுப்புத் தொட்டி என்று பெயர். 'கறுப்புத் தொட்டியைக் காலி செய்வது' என்று ஷீட்டில் ஒரு வரிசை வைத்திருந்தேன். பல வாரம் வெறுமையாக இருந்தது. ஒருநாள் திறந்து பார்த்தால் அதில் என் பெயர். போட்டது யார் என்று தெரியவில்லை. மஞ்சள் வண்ணம் வேறு பூசியிருந்தார்கள், மங்களகரமாக.

பாதைத் தகராறையும் சொல்லிவிடுகிறேன். ஒரு தரப்பு 285ஆம் நெடுஞ்சாலை வழியே போகலாம், காட்சி அழகு என்கிறது. மறுதரப்பு 25ல் வால்சன்பர்க் வரை இறங்கி 160 பிடிக்கலாம், வண்டிக்கு நல்லது என்கிறது. இரண்டு தரப்பிலும் ஆர்.வி. ஓட்டப்போகிறவர் ஒருவரும் இல்லை. இதற்கு நடுவில் "பேசாம அலமோசாவுல ஹோட்டல் போட்டா என்ன?" என்று ஒரு குரல். தென்மேற்குக் காற்று தள்ளும் மணலை மலையிலிருந்து இறங்கும் வடகிழக்குப் புயல்காற்று திருப்பித் தள்ளுவதால்தான் அந்த மேடுகள் இடம்பெயராமல் உயரமாக மட்டும் வளர்கின்றன. எங்கள் குழுவும் அப்படித்தான் வளர்ந்து நிற்கிறது. வண்டிக்குக் கட்டிய முன்பணம் மட்டும் என் கார்டில் இருக்கிறது. பங்குப் பணம் கேட்டு அனுப்பிய செய்திக்கு மூன்று இதயங்கள் வந்தன. பணம் வரவில்லை.

ஆக, பலகை. பனியில் சறுக்கும் பிளாஸ்டிக் தட்டு உலர்ந்த மணலில் நகராது, அட்டைப்பெட்டியும் நகராது. மணலுக்கென்றே செய்த வழவழப்பான பலகை வேண்டும், அடியில் மெழுகு தேய்க்க வேண்டும். பூங்காவில் வாடகைக்குக் கிடைக்காது, வெளியிலேயே எடுத்துக்கொண்டு போக வேண்டும். கோடை மதியத்தில் மணல் 65 டிகிரி வரை கொதிக்கும் என்பதால் காலையிலேயே ஏறிவிட வேண்டும், செருப்பு போதாது, ஷூ வேண்டும். இதெல்லாம் எங்கும் கிடைக்கும் தகவல். நான் சொல்ல வந்தது வேறு. எந்த அளவுப் பலகை, மேட்டின் எந்தப் பக்கம் என்பதில்தான் சூட்சுமமே இருக்கிறது. இதுவரை சொன்னதைக் குழுவில் எழுதிவிட்டு அந்த முக்கியமான இடத்துக்கு வந்துகொண்டிருந்தேன். பிளேட் அண்ணன் குறுக்கே புகுந்தார்.

"ஜி, நம்ம பிளேட்டு மேல உக்காந்து சறுக்க முடியாதா? ஹெவி டியூட்டிதான்."

நான் பதில் எழுதவில்லை. ஷீட்டைத் திறந்து, கறுப்புத் தொட்டி வரிசையில் என் பெயரை அழித்து அவர் பெயரைப் போட்டேன். மஞ்சளை மட்டும் அழிக்கவில்லை.