மோகனத்துக்கு இரண்டே கார்ட்

நெய்வேலி டவுன்ஷிப்பில் எங்கள் வட்டத்து மெல்லிசைக் குழுவில் கிட்டார் வாசித்த அண்ணனுக்குச் சுரங்கத்தில் வேலை. 1980-களின் நடுப்பகுதி. நைட் ஷிப்ட் முடித்து வந்து தூங்கி எழுந்தால், சாயங்காலம் குவார்ட்டர்ஸ் வாசலில் டேப் ரெக்கார்டரும் கிட்டாருமாக உட்கார்ந்துவிடுவார். இளையராஜா பாட்டுக்குக் கார்ட், அதாவது சேர்ந்து ஒலிக்கும் ஸ்வரக் கூட்டம், கண்டுபிடிக்க வேண்டும். கேசட்டை ரீவைண்ட் செய்து கொடுப்பது சிறுவர்களான எங்கள் பொறுப்பு.

முதலில் பேஸ் கிட்டாரை மட்டும் கவனிப்பார். அது எந்த ஸ்வரத்தில் போய் நிற்கிறதோ, பெரும்பாலும் அதுதான் கார்டுக்கு அடித்தளம். அடுத்து அதற்கு மேலே வரும் காந்தாரம் பெரியதா சின்னதா என்று பார்ப்பார். மேஜரா மைனரா என்பது அங்கே தீர்ந்துவிடும். சந்தேகம் வந்தால் இரண்டையும் மீட்டிக் காட்டி, “எதுடா தம்பி பாட்டோட ஒட்டுது?” என்று எங்களைக் கேட்பார். ஒரு பாட்டின் பல்லவி, சரணம், இடையிசை மூன்றையும் நோட்டில் எழுதி முடிக்க ஒரு மாலை முழுக்கப் போய்விடும். அந்த மாலைகளில்தான் எங்களுக்குக் கேட்கத் தெரிந்தது.

டவுன்ஷிப்பில் இசைக் கல்லூரி கிடையாது. பல மாநிலத்தாரும் வேலைக்கு வந்து குடியேறிய ஊர் என்பதால் காதுக்கு மட்டும் பஞ்சமில்லை. ஒரு வீட்டில் வீணை, அடுத்த வீட்டில் ரவீந்திர சங்கீதம், மார்கழியில் பஜனை, கிறிஸ்துமஸுக்கு நான்கு குரலில் கேரல் பாட்டு. பல குரல்கள் ஒன்றாக நகர்வதை அந்தக் கேரல் குழுவில்தான் முதலில் கேட்டோம்.

பிறகு யாரோ வெளிநாட்டிலிருந்து வாங்கி வந்த காசியோ கீபோர்டு குழுவுக்கு வந்தது. ஒரு விரலை வைத்தால் முழுக் கார்டும் தாளத்தோடு ஒலித்தது. தானியங்கிக் கார்ட் எங்கள் ஊருக்குள் அன்றைக்கே நுழைந்துவிட்டது.

கணினியை இசை எழுத வைக்கும் ஆசை அதைவிடப் பழையது. நெய்வேலியின் முதல் சுரங்கப் பணியை நேரு 1957-இல் தொடங்கி வைத்தார். அதே காலத்தில்தான் அமெரிக்காவின் இல்லினாய் பல்கலைக்கழகத்தில் ஹில்லரும் ஐசக்சனும் இல்லியாக் கணினிக்கு இசை விதிகளையும் நிகழ்தகவுக் கணக்கையும் கொடுத்து ‘இல்லியாக் சூட்’ என்ற நால்வர் இசையை உருவாக்கினார்கள். 1983 ஜனவரியில் கலிபோர்னியாவில் நடந்த ஒரு கண்காட்சியில், இரண்டு வேறு கம்பெனிகளின் சின்தசைசர்கள் மிடி என்ற இணைப்பு முறையின் கேபிளால் இணைக்கப்பட்டு ஒன்றை வாசிக்க மற்றதும் ஒலித்தது. தமிழில் 1986-இல் ‘புன்னகை மன்னன்’ படத்துக்கு இளையராஜா கணினி சீக்குவென்சரைப் பயன்படுத்தினார். 1992-இல் ‘ரோஜா’ வந்தபோது அந்த ஒலி வீட்டுக்கு வீடு கேட்டது.

மிடியில் ஒலி கிடையாது. எந்த ஸ்வரம், எப்போது, எவ்வளவு அழுத்தத்தில், எப்போது விடுவது என்ற கட்டளைகள் மட்டுமே உண்டு. ஸ்வரங்களுக்கு 0 முதல் 127 வரை எண்கள். நடு ஸி 60. ஸி மேஜர் என்றால் 60, 64, 67. ஏ மைனர் என்றால் 57, 60, 64. கார்ட் எண்ணாகிவிட்டால் கணினிக்கு அது கணக்குத்தான். ஸ்கேலைச் சொன்னால் போதும், ஒவ்வொரு ஸ்வரத்தின் மேலும் ஒன்று விட்டு ஒன்றாக அடுக்கிக் கார்டுகளைக் கட்டி, பழகிய வரிசைகளில் கோத்துத் தந்துவிடும்.

இன்று இதற்குக் கருவிகள் ஏராளம். ஸ்கேலர் என்ற செருகுநிரல் வாசித்ததைக் கேட்டு அடுத்த கார்டைப் பரிந்துரைக்கிறது. 2024-இல் வந்த ஏபிள்டன் லைவ் 12 மென்பொருள், கார்ட் வரிசைகளைத் தானே உருவாக்குகிறது. அதே ஆண்டு லாஜிக் புரோ மென்பொருளில் கார்ட் டிராக் வந்தது. வரிசையை எழுதிவிட்டால் பேஸும் கீபோர்டும் அதைப் பின்பற்றி வாசிக்கின்றன.

என் அண்ணன் மகன் அதே டவுன்ஷிப்பில் லேப்டாப்பில் பாட்டுப் போடுகிறான். “சித்தப்பா, கார்டுக்கு ஒரு நிமிஷம் போதும்” என்றான். மோகனத்தில் அழகான மெட்டு ஒன்றைப் பாடி வைத்திருந்தான். ஸி மேஜர் என்று கொடுத்து அழுத்தியதும் ஸி, ஜி, ஏ மைனர், எஃப் என்று வந்தது. உலகத்தின் பாதிப் பாப் பாட்டுகளைத் தாங்கும் வரிசை. ஆனால் மோகனத்தில் ச, ரி, க, ப, த மட்டுமே உண்டு. ஜி கார்டில் நிஷாதம் இருக்கிறது, எஃப் கார்டில் மத்யமம் இருக்கிறது. ராகத்துக்குள்ளேயே நின்றால் கிடைக்கும் முழுக் கார்டுகள் இரண்டே: ச-க-ப, த-ச-க. அன்னிய ஸ்வரம் கூடாதென்று சட்டமில்லை. அறிந்து வைத்தால் அது அலங்காரம், அறியாமல் விழுந்தால் ராகம் கலைந்துவிடும்.

மாயாமாளவகௌளையில் இது இன்னும் தெளிவு. ப-நி-ரி அடுக்கினால் ரிஷபம் அரை ஸ்வரம் தாழ்ந்து நிற்கும். மேற்கத்திய வரிசைகளுக்குத் தூணான ஐந்தாம் கார்ட் அங்கே பிறப்பதில்லை. கமகமும் அப்படியே. சாதாரண மிடியில் ஸ்வரத்தை வளைக்கும் கட்டளை ஒரு சேனல் முழுவதற்கும் பொது. ஒரு ஸ்வரத்தை அசைத்தால் கார்டு மொத்தமும் அசையும். ஸ்வரத்துக்கு ஒரு சேனல் தரும் எம்பிஇ முறை 2018-இல் தரமாக ஏற்கப்பட்டது; அதில் இதற்கு வழி உண்டு.

அண்ணன் மகன் அந்த வரிசையை அழிக்கவில்லை. ஸ்கேலை ஐந்து ஸ்வரமாக மாற்றினான், பேஸைத் தானே வாசித்தான், எஃப் கார்டை ஒரே ஓர் இடத்தில் வேண்டுமென்றே விட்டான். பாட்டு நிமிர்ந்தது. ஆசிரியர் கிடைக்காத ஊர்ப் பிள்ளைக்கு இந்தக் கருவி பெரிய வரம். நாங்கள் ஒரு மாலையில் தேடியதை அது நொடியில் மேசைமேல் வைக்கிறது. தேர்ந்தெடுக்கும் வேலையை மட்டும் அதனிடம் ஒப்படைக்கக் கூடாது.

பாட்டுப் போடும் தம்பி தங்கைகளுக்கு ஒரு வேண்டுகோள். பொத்தானை அழுத்துமுன் மெட்டைச் சுருதியோடு ஒருமுறை வாய்விட்டுப் பாடுங்கள். பேஸ் ஸ்வரத்தை நீங்களே கண்டுபிடியுங்கள். ராகத்தின் ஸ்வரங்களைக் கருவிக்குச் சொல்லிக் கொடுங்கள். அதன் பிறகு அது நூறு கார்ட் தரட்டும். எது நிற்க வேண்டும் என்று உங்கள் காது சொல்ல வேண்டும்.