ஒரிஜினல் மட்டும்தான் பாடும்

பழைய கார் விற்கிறவர் எதைப் பற்றி அதிகம் பேசுகிறாரோ, அதில்தான் வில்லங்கம் இருக்கும். 2006-இல் எங்களுக்கு மாருதி 800 விற்றவர் இன்ஜினைப் பற்றி இரண்டு வார்த்தை சொன்னார். டயரைக் காலால் ஒரு தட்டு தட்டினார். மீதி நேரம் முழுக்க செட்டைப் பற்றித்தான் பேச்சு. “சிடி செட் சார். மச்சான் சிங்கப்பூர்லேருந்து கையிலயே தூக்கிட்டு வந்தான்.” ஒரு சிடியைச் செருகியும் காட்டினார். வீணை. அந்தச் சின்ன காருக்குள் தந்தி ஒவ்வொன்றும் தனித்தனியாகக் கேட்டது. என் மனைவி அப்போதே காரை வாங்கிவிட்டாள். நான் பேருக்கு பானெட்டைத் திறந்து பார்த்துவிட்டு மூடினேன்.

சாவியைக் கொடுத்துவிட்டுப் போகும்போது வீணை சிடியை அவர் ஞாபகமாக எடுத்துக்கொண்டு போய்விட்டார்.

எங்களிடம் இருந்ததெல்லாம் அன்றைக்கு எல்லார் வீட்டிலும் இருந்த சரக்குதான்: ரைட் பண்ணின சிடி. கேசட் காலத்தில் ரெக்கார்டிங் சென்டரில் பாட்டுப் பட்டியலை எழுதிக் கொடுத்துவிட்டு வருவோம். கடைசிப் பாட்டு சரணத்தின் நடுவில் அறுந்துபோகும். அந்தக் கடைகளே பிறகு ஒரு கம்ப்யூட்டர் வாங்கிப் போட்டு, ஒரே தட்டில் நூற்றைம்பது பாட்டு வரைக்கும் திணித்துத் தர ஆரம்பித்தன. மேலே மார்க்கரில் ‘ராஜா சோகம்’, ‘தத்துவம்’, ‘டூர்’ என்று எழுதியிருக்கும். அந்த நூற்றைம்பதில் நூற்றிருபதை யாரும் ஒரு தடவைகூடக் கேட்டிருக்க மாட்டார்கள் என்பது என் தாழ்மையான கருத்து. ஆனாலும் கையில் இருந்தால் ஒரு தைரியம்.

இதில் எதைச் செருகினாலும் செட் மரியாதையாக உள்ளே வாங்கிக்கொள்ளும். கர் கர் என்று கொஞ்சம் யோசிக்கும். பச்சை எழுத்தில் ‘எர்ரர்’ என்று காட்டும். அப்புறம் தட்டைப் பாதி வெளியே தள்ளிவிட்டு, நீயே எடுத்துக்கொள் என்று நிற்கும். அதே சிடி வீட்டுக் கம்ப்யூட்டரில் கணீரென்று பாடியதுதான் எரிச்சல்.

“திருட்டுப் பாட்டுன்னு அதுக்குத் தெரிஞ்சுபோச்சுடா” என்றாள் அம்மா. சிரித்தோம். ஆனால் யோசித்துப் பார்த்தால், 1957-ஆம் வருடத்துக் காப்புரிமைச் சட்டத்தைத் திருச்சி மாநகர எல்லைக்குள் மனப்பூர்வமாகக் கடைப்பிடித்த ஒரே ஜீவன் அந்தச் செட்தான்.

நம் ஊரில் ஒரு பொருள் ரிப்பேர் என்று வாய்தவறிச் சொல்லிவிட்டால் போதும், தெருவே படித்த தெரு என்பது தெரியவரும். எதிர்வீட்டுக்காரர் பெல் தொழிற்சாலையின் பாய்லர் பிரிவில் இருந்து ஓய்வு பெற்றவர். எந்த இயந்திரத்தையும் முதலில் மெயினை அணைத்துவிட்டுத்தான் தொட வேண்டும் என்பது அவர் கொள்கை. பேட்டரி ஒயரைக் கழற்றி, ஒரு காபி குடித்து முடிக்கிற வரை காத்திருந்து, மாட்டினார். செட்டில் ஓடிக்கொண்டிருந்த கடிகாரம் பன்னிரண்டு மணிக்குத் திரும்பிப் போனது. பதிந்து வைத்திருந்த ரேடியோ நிலையங்கள் எல்லாம் அழிந்தன. எர்ரர் மட்டும் அப்படியே இருந்தது. “சிஸ்டம் ஹெல்தியா இருக்கு” என்று சான்றிதழ் கொடுத்துவிட்டுப் போனார்.

என் மைத்துனன் முகப்பில் இருந்த பொடி ஓட்டையைக் கண்டுபிடித்தான். “மாமா, இது ரீசெட்.” அவன் அக்கா புடவையிலிருந்து ஊக்கைக் கழற்றிக் கொடுத்தாள். அழுத்தினான். கடிகாரம் மறுபடி பன்னிரண்டு.

குத்துவிளக்கு துலக்குவதில் பேர் வாங்கிய அத்தை ஒருத்தர், சிடியில் விபூதி போட்டு வட்டமாகத் தேய்க்கச் சொன்னார். விபூதியைக்கூட விட்டுவிடலாம், அந்த ‘வட்டமாக’ என்பதுதான் விபரீதம். சிடியில் பாட்டு நடுவிலிருந்து விளிம்பு வரை சுருள் சுருளாக ஓடுகிறது. குறுக்கே ஒரு கீறல் விழுந்தால், காணாமல் போனதை அக்கம்பக்கத்துத் தகவலிலிருந்து கணக்குப் போட்டுச் சரிசெய்துகொள்ளும் வித்தை சிடி முறையிலேயே உண்டு. இரண்டு மில்லிமீட்டர் கீறலைக்கூட நம் காதுக்குத் தெரியாமல் சமாளித்துவிடும். சுருளின் போக்கிலேயே கீறல் விழுந்தால்தான் தொடர்ச்சியாக ஒரு பெரிய துண்டு போய்விடும். துடைப்பதாக இருந்தால் நடுவிலிருந்து வெளிப்பக்கமாக, நேராக இழுக்க வேண்டும். இன்னொன்று: பளபளக்கிற அடிப்பக்கத்தைக் கண்ணும் கருத்துமாகப் பாதுகாத்துவிட்டு, எழுதுகிற பக்கத்தைத் தரையில் தேய்க்கிறவர்கள்தான் அதிகம். பாட்டு இருப்பது அந்த மேல்பக்கத்தை ஒட்டித்தான். அங்கே ஒரு வார்னிஷ் பூச்சும் மார்க்கர் மையும்தான் காவல்.

சிங்காரத்தோப்பில் லென்ஸ் கிளீனர் சிடி என்று ஒன்று கிடைத்தது. அடிப்பக்கத்தில் மீசை முடி அளவில் சின்னச் சின்ன பிரஷ். அது சுற்றும்போது லென்ஸில் படிந்த தூசியைத் தட்டிவிடும். செருகியதும் ஒரு வெள்ளைக்காரம்மா குரல், “இப்போது இடது ஸ்பீக்கர்”, “இப்போது வலது ஸ்பீக்கர்” என்று ஆங்கிலத்தில் அழுத்தந்திருத்தமாகச் சொன்னது. பின்னாலேயே கொஞ்சம் பியானோ. துல்லியம் என்றால் அப்படி ஒரு துல்லியம். பிரஷ் வைத்திருந்தாலும் அது ஆலையில் அச்சடித்த சிடி அல்லவா? அந்தம்மா போனதும் ‘தத்துவம்’ போட்டோம். எர்ரர். ஆகமொத்தம் எங்கள் செட் பாடக்கூடிய ஒரே சிடி எங்களிடம் வந்து சேர்ந்திருந்தது. கார் பார்க்க வந்த சொந்தக்காரர்களுக்கெல்லாம் அதைத்தான் போட்டுக் காட்டினோம். “இங்கிலீஷ் பாட்டெல்லாம் கேக்குறீங்க” என்று ஒரு சித்தப்பா மெச்சிக்கொண்டார்.

கடைசியில் பாலக்கரையில் கார் எலக்ட்ரிக்கல் கடை வைத்திருந்த பாயிடம் போனோம். முதலிலேயே போயிருக்கலாமே என்று கேட்காதீர்கள். நம் குடும்பங்களில் தெரிந்தவரிடம் போவதற்கு முன்னால் தெரியாதவர்களை எல்லாம் முடித்தாக வேண்டும்.

பாய் செட்டை உருவி எடுத்து மேல்மூடியைக் கழற்றினார். மேசையில் கிடந்த பழைய பேட்டரியிலிருந்து மஞ்சள், சிவப்பு, கறுப்பு ஒயர்களைக் கொடுத்தார். உள்ளே மிளகளவு லென்ஸ், லேசான நீலப் பளபளப்போடு. தன்னுடைய ஒரிஜினல் சிடி ஒன்றை வைத்தார். தட்டுக்கு அடியில் லென்ஸ் மேலும் கீழும் ஒரு துள்ளு துள்ளியது. சட்டென்று நிலைக்கு வந்தது. தட்டு சீராகச் சுற்ற ஆரம்பித்தது. அடுத்து எங்கள் சிடி. லென்ஸ் துள்ளியது. துள்ளியது. மறுபடியும் துள்ளிவிட்டுப் படுத்துவிட்டது. ‘எர்ரர்’. அந்த ஒரு சொல்லுக்குப் பின்னால் அந்தச் சின்ன ஜீவன் அவ்வளவு முயற்சி எடுத்ததை அன்றைக்குத்தான் பார்த்தேன். அதுவரை அதைத் திட்டியதில் பாதியை மனசுக்குள் வாபஸ் வாங்கினேன்.

“ஃபோகஸ் தேடுது தம்பி. வெளிச்சம் திரும்பி வந்தாத்தானே பிடிக்கும்?” என்றார் பாய். பட்ஸில் ஸ்பிரிட் தொட்டு லென்ஸைத் துடைத்துக்கொண்டே அவர் சொன்னதன் சாரம் இது. ஆலையில் அச்சடித்த சிடியில் நிஜமாகவே பொடிப்பொடிப் பள்ளங்கள் உண்டு. மேலே அலுமினியப் பூச்சு. விழுகிற லேசரில் நூற்றுக்கு எழுபது பங்குக்குக் குறையாமல் திரும்பி வரும். நாம் ரைட் பண்ணுகிற சிடியில் பள்ளம் கிடையாது. உள்ளே ஒரு சாயப் பூச்சு, அதில் லேசர் பொசுக்கிய புள்ளிகள்தான் பாட்டு. வெளிச்சம் கொஞ்சம் மட்டமாகத்தான் வரும். நல்ல செட் பொறுத்துக்கொள்ளும். அழித்து அழித்து எழுதுகிற ஆர்டபிள்யூ தட்டில் வருவதோ பதினைந்து, மிஞ்சினால் இருபத்தைந்து. பழைய செட்டின் கண்ணுக்கு அங்கே தட்டு இருப்பதே தெரியாது. என் மைத்துனன் சிக்கனம் கருதி ஆர்டபிள்யூவாக வாங்கிக் குவித்திருந்தான்.

ஒரே ஒரு குறை என்றால் எப்போதோ பிடித்திருக்கலாம். எங்களிடம் இருந்த சிடிகள் ஒவ்வொன்றும் வெவ்வேறு காரணத்துக்காகத் தேறாமல் போயிருந்தன. ‘தத்துவம்’ ஆர்டபிள்யூ. ‘டூர்’ எம்பி3. பிலிப்ஸும் சோனியும் சேர்ந்து 1980-இல் வகுத்த பாட்டு சிடி முறை ஒன்றைத்தான் எங்கள் செட் அறியும்; எம்பி3 என்ற பேர் 1995-இல்தான் வைத்தார்கள். ‘ராஜா சோகம்’ ஆடியோ சிடிதான், ஆனால் மூடாமல் விட்டது. சிடியைச் செட் நடுவிலிருந்து வாசிக்கத் தொடங்கும். எந்தப் பாட்டு எங்கே என்ற பொருளடக்கம் அங்கேதான் இருக்கும். இன்னும் பாட்டு சேர்க்கலாம் என்று ரைட் பண்ணுகிறவர் தட்டை மூடாமல் விட்டால் அந்தப் பொருளடக்கம் எழுதப்படாது. கம்ப்யூட்டர் துழாவிக் கண்டுபிடித்துக்கொள்ளும். கார் செட் அந்த வேலைக்கெல்லாம் போகாது.

“லென்ஸ் பக்கத்துல ஒரு திருகு இருக்காமே பாய்? திருப்பினா எல்லாம் பாடுமாமே?” என்றான் மைத்துனன், பாதி படித்தவன் தோரணையில்.

“பாடும். லேசருக்குக் கரண்ட் கூடும். கொஞ்ச நாள் பிரமாதமா பாடிட்டு மொத்தமா கண்ணு போயிடும். வேணுமா?” என்றார் பாய். அவன் வெளியே டீக்கடைப் பக்கம் போய்விட்டான்.

பாயின் மருந்துச்சீட்டு: ஆர்டபிள்யூ வேண்டாம், நல்ல ஆர் சிடி வாங்குங்கள், ஆடியோவாக ரைட் பண்ணச் சொல்லுங்கள், மெதுவாக ரைட் பண்ணச் சொல்லுங்கள், மூடச் சொல்லுங்கள், மேலே ஸ்டிக்கர் மட்டும் ஒட்டவே ஒட்டாதீர்கள்.

ஆடியோ என்றால் மொத்தமே எண்பது நிமிடம். பதினாறு, பதினேழு பாட்டு. வீட்டில் தொகுதிப் பங்கீடு தொடங்கியது. அம்மா டி.எம்.எஸ். முருகன் பாட்டு ஆறு கேட்டாள், நாலுக்குக் கீழே இறங்க மாட்டேன் என்றாள். மனைவிக்கு இளையராஜா மட்டும் எட்டு. பையனுக்கு ரகுமான். மைத்துனனுக்குக் குத்துப்பாட்டு வேண்டும்; அதற்கு அம்மா வெளியிலிருந்துகூட ஆதரவு தர மறுத்தாள். “ஏங்க, வண்டிக்குக் கடன் கட்டறது யாருன்னு கேளுங்க” என்று மனைவி என்னைத் தூது அனுப்பினாள். நீளமான பாட்டு வைத்திருப்பவர் ஒன்றை விட்டுக்கொடுத்தால் இரண்டு சின்னப் பாட்டு தரப்படும் என்று ஒரு சமரசத் திட்டம் வந்து, அன்று ராத்திரியே உடைந்தது.

பேச்சுவார்த்தை இழுத்துக்கொண்டே போனதால், தட்டு பாடுகிறதா என்று பார்க்கவாவது ஒன்று போட்டு வாங்குவோம் என்று பிரவுசிங் சென்டருக்குப் போனேன். அங்கே இருந்த பையனின் திரையில் ரோமாபுரி மைதானம் தீப்பற்றி எரியும் படத்தோடு நீரோ மென்பொருள் காத்திருந்தது. “எட்டு மடங்கு வேகத்திலா? 52 இருக்கே சார். மூணு நிமிஷ வேலைக்குப் பத்து நிமிஷம் உக்காரணுமா?” என்றான். உட்கார்ந்தோம். பாட்டுப் பட்டியல் இல்லாததால் தன் கம்ப்யூட்டரில் கைக்கு எட்டியதை எடுத்துப் போட்டான். கைக்கு எட்டியது முழுவதும் காதல் தோல்வி. முதல் பாட்டிலிருந்து கடைசிப் பாட்டு வரை ஒருத்தி ஏமாற்றிக்கொண்டே இருக்கிறாள், ஒருத்தன் குடித்துக்கொண்டே இருக்கிறான். பையனைக் கொஞ்சம் அனுதாபத்தோடு பார்த்தேன். நான் காசு எண்ணுகிற நேரத்தில் சென்டர் விளம்பரத்தை அழகாக வட்ட ஸ்டிக்கராக மேலே ஒட்டிக் கொடுத்துவிட்டான்.

காரில் போட்டேன். கர் என்று ஒரே ஒரு யோசனை. பாடியது! வாசலில் பட்டாசு வெடிக்காத குறை. தொகுதி உடன்பாடும் அன்று மாலையே கையெழுத்தானது. அடுத்த நாள் மத்தியானம் வெயிலில் நின்ற காரைத் திறந்து, பழைய தட்டை எடுத்துவிட்டுப் புதியதைப் போடலாம் என்று பட்டனை அழுத்தினால், டக் என்று ஒரு சத்தம், அவ்வளவுதான். வெயிலில் பசை இளகி, ஸ்டிக்கர் விளிம்பு தூக்கிக்கொண்டு, தட்டு வாசலிலேயே சிக்கிவிட்டது. திரும்ப உள்ளே போய்ப் பாட ஆரம்பித்துவிடும். வெளியே மட்டும் வராது.

“செட்டைப் பிரிக்கணும் தம்பி” என்றார் பாய். கடை வாசலில் மலைக்குப் போகிற வேன்களும் கார்களும் லைட் போடவும் ஹாரன் மாட்டவும் வரிசையில் நின்றன. “கார்த்திகை சீசன். தை பொறந்ததும் வாங்க.”

கார்த்திகையில் எனக்கும் மைத்துனனுக்கும் மாலை. குருசாமியை முன்சீட்டில் வைத்து, எதிர்வீட்டு பெல்காரரையும் ஏற்றிக்கொண்டு, மடியில் இருமுடியோடு நாலு சாமிகள் அந்த மாருதியில் கிளம்பினோம். திண்டுக்கல் தாண்டியதும் கொடைக்கானல் வானொலி பண்பலையில் கூடவே வந்தது, பக்திப் பாட்டாகவே போட்டார்கள், புண்ணியவான்கள். குமுளி மலையேறியதும் அதுவும் கரகரத்து நின்றது. ராத்திரி இரண்டு மணி. “டிரைவர் சாமி தூங்கிடக் கூடாது. ஏதாவது வைங்க சாமி” என்றார் குருசாமி.

இருந்தது ஒன்றுதான். மைத்துனன் கண்ணாடிப் பக்கம் திரும்பிக்கொண்டான். முதல் பாட்டிலேயே காதலன் குடிக்க ஆரம்பித்துவிட்டான். குருசாமி ஒன்றும் சொல்லவில்லை. மூன்றாவது பாட்டில் “சாமியே சரணம் ஐயப்பா” என்று கொஞ்சம் உரக்கச் சொன்னார். வளைவுக்கு வளைவு வண்டி ஏறியது. ஐந்தாவது பாட்டில் அவர் விரல் இருமுடியின் மேல் தாளம் போடுவதை நான் ஓரக்கண்ணால் பார்த்தேன். ஆறாவது பாட்டு முடிந்தது. அவர் கனைத்துக்கொண்டார்.

“சாமி, அந்தப் பொண்ணு கடுதாசியக் கிழிச்சுப் போட்டுட்டுப் போகுதே, அதை இன்னொரு தடவை வைங்க சாமி.”