எங்கள் வீட்டுக் குடியரசு

தீபாவளியைப் பிள்ளைகளுக்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. வெடியும் பட்சணமும் பார்த்துக்கொள்ளும். சுதந்திர தினமும் சுலபம்: வெள்ளைக்காரன் இருந்தான், போனான், மிட்டாய் கொடுத்தார்கள். குடியரசு தினம்தான் குடும்பஸ்தனைச் சோதிப்பது. அன்றைக்கு என்ன நடந்தது என்று கேட்டால், ஒரு சட்டப் புத்தகம் அமலுக்கு வந்தது என்றுதான் சொல்ல முடிகிறது.

"புக்குக்கா லீவு?" என்றான் ஐந்தாம் வகுப்புப் படிக்கும் மகன். அவனுக்குத் தெரிந்து புத்தகம் என்பது லீவைக் கெடுக்கிற சாமான்.

குடியரசு தினத்தன்று பத்து மணிவரை தூங்கி எழுந்து, அணிவகுப்பை டிவியில் பார்த்துக்கொண்டே மறுபடி கண்ணயரும் தலைமுறையாக இவர்கள் ஆகிவிடக்கூடாது என்று தீர்மானித்தேன். (அது என் தலைமுறை.) கூடத்தில் உட்கார வைத்து ஆரம்பித்தேன். முழு விடுதலையே குறிக்கோள் என்று லாகூர் காங்கிரஸ் தீர்மானம் போட்டதை அடுத்து, 1930 ஜனவரி 26ஐ விடுதலை நாளாகக் கொண்டாடினார்கள். அந்தத் தேதிக்கு மரியாதை செய்யத்தான், 1949 நவம்பர் 26இல் ஏற்றுக்கொண்ட அரசமைப்புச் சட்டத்தை 1950 ஜனவரி 26இல் முழுதாக நடைமுறைப்படுத்தினார்கள்.

"முடிச்ச வேலைக்கே ரெண்டு மாசமா? என் ஹோம்வொர்க்குக்கு மட்டும் ராத்திரியே கத்துறீங்க."

பேச்சை அம்பேத்கருக்குத் திருப்பினேன். அவர் தலைமையிலான வரைவுக் குழுவில் ஏழு பேர். ஒருவர் விலகினார், ஒருவர் இறந்தார், ஒருவர் அமெரிக்காவில் இருந்தார், கடைசியில் பாரமெல்லாம் அம்பேத்கர் தலையில்தான் விழுந்தது என்று, அதே குழுவில் இருந்த டி.டி. கிருஷ்ணமாச்சாரியே அவையில் சொல்லியிருக்கிறார். ஒன்பதாவது படிக்கும் மகள் முதல்முறையாக நிமிர்ந்தாள். "எங்க க்ரூப் ப்ராஜெக்ட்டும் அப்படித்தாம்ப்பா!" உள்ளே தனியாகப் பொங்கல் கிண்டிக்கொண்டிருந்த மனைவி, கரண்டியைப் பாத்திரத்தில் ஒரு தட்டுத் தட்டினாள். நான் அதைக் கவனிக்காததுபோல மேலே போனேன்.

குடியரசில் ராஜா கிடையாது. தலைவரைத் தேர்ந்தெடுக்க வேண்டும் என்றேன்.

"நம்ம வீட்ல உங்களை யாரு தேர்ந்தெடுத்தா?"

ஊஞ்சலிலிருந்து என் அம்மா முந்திக்கொண்டாள். "நான் பெத்தேன். தேர்ந்தெடுக்கலை."

ஓட்டுப் போட 18 வயது ஆக வேண்டும் என்று சமாளித்தேன். அதோடு நிறுத்தியிருக்கலாம். முன்பு 21ஆக இருந்ததை 1989இல்தான் குறைத்தார்கள் என்ற விவரத்தை யார் என்னைக் கேட்டார்கள்? "அப்ப இன்னும் குறைக்கலாம்" என்று மகன் விரல்விட்டு எண்ணத் தொடங்கினான்.

உரிமைகளைச் சொன்னால் பிள்ளைகள் இப்படித்தான் ஆவார்கள் என்று அடிப்படைக் கடமைகளுக்குத் தாவினேன். 1976இல், 42ஆவது திருத்தத்தின் மூலம் சேர்த்தவை. நெருக்கடிநிலைக் காலத்தில் வந்தவை என்பதால் தகப்பன் என்ற முறையில் எனக்கு அவற்றின்மேல் தனிப் பிரியம். மகளிடம் போனைக் கொடுத்து உரக்கப் படிக்கச் சொன்னேன். கொடியையும் தேசிய கீதத்தையும் மதிப்பது வரை எல்லாம் நல்லபடியாகவே போயிற்று.

ஐந்தாவதில், பெண்களின் கண்ணியத்துக்கு இழுக்கான வழக்கங்களைக் கைவிட வேண்டும் என்று வந்தது. "அதை இன்னொரு தரம் படிடி" என்றது சமையலறை.

எட்டாவது அறிவியல் மனப்பான்மை. "ராகு காலம்னு ஷோரூம்ல ஒன்றரை மணி நேரம் உக்காந்து அப்புறம் ஸ்கூட்டரை எடுத்தது யாருப்பா?" என்றான் மகன்.

பத்தோடு முடிந்தது என்று நான் எழுந்தேன். மகள் விடவில்லை. 2002இல் 86ஆவது திருத்தத்தில் பதினொன்றாவதாக ஒன்றைச் சேர்த்திருக்கிறார்கள்: 6 முதல் 14 வயது வரையுள்ள பிள்ளைக்குக் கல்வி வாய்ப்பு தருவது பெற்றோரின் கடமை. பிள்ளைகளை மடக்க வைத்திருந்த பட்டியலின் கடைசி வரியில் எனக்கென்றே ஒன்றை எழுதி வைத்திருக்கிறது நாடாளுமன்றம்.

"எனக்கு 14 முடிய இன்னும் மூணு மாசம் இருக்கு. அதுக்குள்ள லேப்டாப் வாங்கிடுங்க."

"எனக்கு அவசரம் இல்லை. நாலு வருஷம் இருக்கு" என்றான் மகன் பெருந்தன்மையாக.

கடமைகளை நிறைவேற்றச் சொல்லி யாரும் நீதிமன்றத்துக்குப் போக முடியாது என்ற கடைசி அஸ்திரத்தை எடுத்தேன்.

"கோர்ட்டுக்கு யாருங்க போகப்போறா?" என்று மனைவி கூடத்துக்கு வந்தாள். "சாம்பாருக்கு வெங்காயம் உரிக்கணும், வாங்க. அஞ்சாவது கடமை."

அம்மா ஊஞ்சலை நிறுத்திவிட்டுச் சொன்னாள்: "சின்ன வெங்காயமாப் பார்த்துக் கொடு."