செருப்பு கவர்தல்: ஊத்துக்கோட்டை நாய்க்குட்டிகளின் புறத்திணை ஒழுக்கம்

பகைவர் ஆநிரையைக் கவர்ந்து வருவது வெட்சி. பறிகொடுத்தவர் துரத்திப் போய் மீட்பது கரந்தை. தொல்காப்பியர் இரண்டையும் ஒரே திணைக்குள் அடக்கினார். புறப்பொருள் வெண்பாமாலை செய்த ஐயனாரிதனார் கரந்தையைத் தனித் திணையாகப் பிரித்து, மொத்தக் கணக்கைப் பன்னிரண்டாக்கினார். இருவருமே செருப்பைப் பற்றி ஒன்றும் சொல்லாமல் விட்டது புலமை உலகுக்குப் பேரிழப்பு. அக்குறையை நீக்க எழுந்ததே இக்கட்டுரை.

களம் ஊத்துக்கோட்டை. வெட்சி எல்லைப்புறத்தில் நடப்பது என்பது மரபு. அதற்கு இதைவிடப் பொருத்தமான ஊர் கிடைப்பது அரிது. திருப்பதி சாலையில் டீ குடித்துவிட்டுக் கொஞ்ச தூரம் போனால் சுருட்டப்பள்ளி, அதாவது ஆந்திரா. ஆய்வுக்கு எடுத்துக்கொண்ட மாதிரி டைகர் என்னும் நாட்டு நாய்க்குட்டி. வயது நான்கு மாதம். ஒரே ஒரு மாதிரியை வைத்து ஆய்வா என்று புள்ளியியலார் கேட்பார்கள். இரண்டாவதுக்கு அம்மா சம்மதிக்கவில்லை.

அளவீட்டு முறை அரசாங்கத்தைப் பின்பற்றியது. 1983-ல் ஆந்திராவோடு போட்ட ஒப்பந்தப்படி வருடத்துக்கு 12 டி.எம்.சி. கிருஷ்ணா நீர் தமிழ்நாட்டுக்கு வர வேண்டும். கண்டலேறு அணையில் எவ்வளவு திறந்தார்கள் என்பது அவர்கள் கணக்கு. நம் ஊர்ப் பக்கம் ஜீரோ பாயிண்ட்டில் எவ்வளவு வந்தது என்பதே நம் கணக்கு. அவ்வாறே, வாசலில் எத்தனை செருப்பு கழற்றினார்கள் என்பதை விட்டுவிட்டு, காலையில் எத்தனை மிஞ்சியது என்பதை மட்டும் குறித்துக்கொண்டோம்.

இனி வெட்சியின் துறைகள். முதலாவது வேய், அதாவது ஒற்று. டைகர் திண்ணைக்கு அடியில் கண்ணை மூடிப் படுத்திருப்பான். காது மட்டும் வேலை பார்க்கும். தேர்வாய்கண்டிகை சிப்காட்டில் நைட் ஷிப்ட் முடித்து வரும் அண்ணன் சேஃப்டி ஷூவைக் கழற்றும் சத்தம் கேட்டதும் ஆகோள், அதாவது கவர்தல், தொடங்குகிறது. ஜோடியாக எடுப்பதே இல்லை, ஒற்றைதான். அடுத்தது உண்டாட்டு, கட்டிலுக்கு அடியில். ஷூவின் முனையில் இரும்புத் தொப்பி இருப்பதால் அதை ஒதுக்கிவிட்டு நாக்கையும் லேஸையும் எடுத்துக்கொள்கிறான். மறுநாள் மாலை தெருமுனையில் கம்பெனி பஸ் ஹாரன் அடிக்க, ஒற்றைக் காலில் நின்று அண்ணன் சொன்னவற்றை இங்கே தர இயலாது.

காரணம் பாதி பல். குட்டிக்கு 28 பால் பற்கள். நாலாம் மாதம் வாக்கில் விழத் தொடங்கி, ஏழாம் மாதத்துக்குள் 42 பற்கள் வந்துவிடும். ஈறு குறுகுறுக்கும்போது கடிக்க ஏதாவது வேண்டும். ஆனால் பல் மட்டும் காரணமென்றால் செருப்பை எடுத்துக்கொண்டு ஒளிய வேண்டியதுதானே? நாம் பார்த்துக்கொண்டிருந்தால் டைகர் ஒளிவதில்லை. நம் கைக்கு எட்டாத தூரத்தில் செருப்பைப் போட்டுவிட்டு, முன்னங்கால்களைத் தரையோடு பரப்பி, பின்புறத்தைத் தூக்கி, வாலை ஆட்டுகிறான். பார்வை செருப்பில் இல்லை, நம் முகத்தில். உலகெங்கும் நாய்கள் விளையாட்டுக்கு அழைப்பு விடுக்கும் முறை இது. மார்க் பெக்காஃப் இந்த வணக்கத்தைப் பல ஆண்டுகள் ஆராய்ந்தார். ஆக, வெட்சியின் பயன் செருப்பு அன்று. கரந்தையே பயன்.

இங்கேதான் நம் வீடுகள் கோட்டை விடுகின்றன. குட்டி சும்மா உட்கார்ந்திருந்தால் யாரும் திரும்பிப் பார்ப்பதில்லை. செருப்பை வாயில் வைத்தால் அம்மா, பாட்டி, அண்ணன் என்று மூன்று பேர் எழுந்து ஓடி வருகிறார்கள். சில நாள் துரத்துகிறோம், சில நாள் சலித்துப்போய் விட்டுவிடுகிறோம். எப்போதாவது கிடைக்கும் பரிசு, எப்போதும் கிடைக்கும் பரிசைவிடப் பழக்கத்தை ஆழமாக ஊன்றும் என்று ஃபெர்ஸ்டரும் ஸ்கின்னரும் 1957-ல் புறாக்களை வைத்துத் தடித்த புத்தகமே போட்டார்கள். லாட்டரிச் சீட்டு வாங்கியவர்களுக்குப் புறா தேவையில்லை.

மாற்றுக் கருத்துடையோர் நைனா கட்சியினர். தினசரியைச் சுருட்டி ஒன்று போட்டால் சரியாகிவிடும் என்பது அவர்கள் கொள்கை. நைனா போட்டார். தினசரியும் புதிய விளையாட்டுப் பொருளாக ஏற்கப்பட்டது.

எமது முறை விளையாட்டாலேயே விளையாட்டைத் திருத்துவது. முதலில், துரத்தக் கூடாது. கையில் பிஸ்கட்டோ பழைய துணி முடிச்சோ வைத்துக்கொண்டு நாமே எதிர்த்திசையில் ஓட வேண்டும். குட்டி துரத்தி வரும். வந்ததும், “விடு” என்று சொல்லிப் பண்டமாற்று. அடுத்தது துண்டு இழுத்தல். இதில் நாயை ஜெயிக்கவிட்டால் தலைக்கு மேல் ஏறிவிடும் என்று ஊரில் ஓர் அச்சம் உண்டு. நிக்கோலா ரூனியும் ஜான் பிராட்ஷாவும் 14 கோல்டன் ரெட்ரீவர்களோடு இழுத்துப் பார்த்து, ஜெயித்த நாய்க்கும் தோற்ற நாய்க்கும் திமிரில் வித்தியாசமில்லை என்று 2002-ல் எழுதிவிட்டார்கள். பல் தோலில் பட்டால் மட்டும் ஆட்டத்தை அந்த நொடியே நிறுத்திவிட்டு எழுந்து போக வேண்டும். கூடப் பிறந்த குட்டிகளும் அப்படித்தான் பாடம் நடத்தும்.

கூப்பிட்டால் வரும் பயிற்சி இன்னும் இழுபறியில் இருக்கிறது. பாட்டி “ரா ரா” என்கிறார், அம்மா “வாடா” என்கிறார், அண்ணன் “கம் கம்” என்கிறான். டைகர் மூன்றையும் விட்டுவிட்டு, பிஸ்கட் பாக்கெட் சரசரக்கும் ஓசையைத் தாய்மொழியாகக் கொண்டிருக்கிறான்.

வெட்சிக்காரனைக் கரந்தைக்கு மாற்ற முடியுமா என்று ஐயுறுவோர் திருவண்ணாமலை மாவட்டத்து எடுத்தனூர் போய்ப் பார்க்கட்டும். பல்லவன் மகேந்திரவர்மன் காலத்து நடுகல் அது. தன் எருமைகளைக் காக்கப் போய்ப் பட்டான் கருந்தேவக்கத்தி. அவன் நாய் கோவிவன் கள்ளர் இருவரைக் கடித்துக் காவல் நின்றது. வீரனோடு நாயையும் கல்லில் செதுக்கி, பெயரையும் பொறித்திருக்கிறார்கள். அந்தக் கோவிவனும் நான்கு மாதத்தில் கருந்தேவக்கத்தியின் தோற்செருப்பைத் தின்றிருக்கும் என்பது எமது ஊகம். மறுப்பவர்கள் கல்வெட்டுச் சான்றோடு வரலாம்.

முடிவுகளில் எதிர்பாராத ஒன்று உண்டு. “விடு” என்றால் டைகர் இப்போது உடனே விட்டுவிடுகிறான், பிஸ்கட்டையும் வாங்கிக்கொள்கிறான். அதன் பிறகு நேரே பக்கத்து வீட்டு வாசலுக்குப் போய், அக்காவின் செருப்பில் ஒன்றைக் கவ்வி வந்து, எம் முன்னால் வைத்து, உட்கார்ந்து, காத்திருக்கிறான். யாரும் துரத்தவில்லை, யாரும் மீட்கவில்லை. ஆகவே இது வெட்சியும் அன்று, கரந்தையும் அன்று. ஐயனாரிதனார் வாகைப் படலத்தில் வாணிக வாகை என்றொரு துறை வைத்திருக்கிறார். டைகரை அதில் சேர்ப்பதே முறை. அக்கா இந்த வகைப்பாட்டை ஏற்கவில்லை. பெயர் எதுவாக இருந்தாலும் சரி, புதுச் செருப்பு வாங்கிக் கொடுத்துவிட்டு எழுதுங்கள் என்கிறார்.