முகராசி மேலாளர்

நேர்முகத் தேர்வு அறையில் மேசைக்கு அந்தப் பக்கம் வீற்றிருக்கும் முகராசி மேலாளர், விண்ணப்பதாரர் கதவைத் திறந்து நாற்காலியை அடைவதற்குள் முடிவெடுத்துவிட்டு, எஞ்சிய அரைமணி நேரத்தை அம்முடிவுக்குச் சான்று திரட்டுவதில் செலவிடும் இயல்பினர். பயோடேட்டாவின் மூலையில் ஒட்டிய பாஸ்போர்ட் அளவுப் புகைப்படமே அவர் முழுமையாகப் படிக்கும் பகுதி. மற்றப் பக்கங்கள் டீ கிளாஸை வைக்கப் பயன்படும். களையான முகத்துக்காரர் விடை தெரியாமல் விழித்தால் 'நிதானமானவர்' என்றும், பல் எடுப்பானவர் அதே கேள்விக்குச் சற்றே தயங்கினால் 'விஷயம் போதாது' என்றும் மதிப்பெண் தாளில் பதிவாகும். ஆள் பாதி, ஆடை பாதி என்பது அவருக்கு வேதவாக்கு. இரு பாதிகளும் நிரம்பியபின் திறமைக்கு இடம் ஏது என்று அவர் வினவியதில்லை.

கண்ட ஒரு சிறப்பை வைத்துக் காணாத சிறப்புகளையும் வரவுவைக்கும் இம்மனப்போக்கை உளவியலார் ஒளிவட்ட விளைவு என்பர். படை அதிகாரிகள் தம் கீழுள்ளோருக்கு அளித்த மதிப்பீடுகளை ஆராய்ந்த அமெரிக்க உளவியலாளர் எட்வர்ட் தார்ண்டைக், உடற்கட்டுக்கு உயர்ந்த மதிப்புப் பெற்றவரே அறிவுக்கும் தலைமைப் பண்புக்கும் உயர்ந்த மதிப்புப் பெறும் போக்கை 1920-இல் சுட்டிக்காட்டினார். தோற்றத்தில் சராசரிக்குக் கீழானவராகக் கருதப்படுவோர் ஊதியத்தில் 5 முதல் 10 விழுக்காடு வரை இழப்பதாகப் பொருளியலாளர்கள் டேனியல் ஹாமர்மெஷும் ஜெஃப் பிடிலும் 1994-இல் கணித்தனர். மேலாளர் இவற்றைப் படித்தவரல்லர். படித்தாலும் இவையெல்லாம் வேறு மேலாளர்களைப் பற்றியவை என்றே கொள்வார்.

பெண்கள் வரும்போது அவருடைய தராசு விநோதமாகச் சாயும். வரவேற்பாளர் பணிக்கு 'லட்சணமான பெண்' வேண்டும் எனக் கண்டிப்புடன் கேட்பவர், அதே லட்சணத்தோடு ஒருவர் கிளை மேலாளர் பணிக்கு வந்தால், "இந்தம்மா எங்கே நாலு பேரை அதட்டி வேலை வாங்கப் போகிறார்?" என்று ஐயுறுவார். எழுத்தர் பணிக்குத் துணைநின்ற அழகு நிர்வாகப் பணிக்குப் பெண்களுக்கு மட்டும் தடையாவதை 1979-இல் ஹெய்ல்மன், சருவதாரி என்ற ஆய்வாளர்கள் ஓர் ஆய்வில் கண்டனர்.

தாம் நிராகரித்தவர்கள் எப்படி வேலை செய்திருப்பார்கள் என்பதைக் காணும் வாய்ப்பே இல்லாததால், தம் கண் தப்பியதில்லை என்ற அவரது நம்பிக்கைக்கு ஒருபோதும் பங்கம் நேர்வதில்லை. தேர்ந்தெடுத்தவர் மூன்றே மாதத்தில் கணக்கைக் குழப்பிவிட்டுச் சொல்லாமல் நின்றுவிட்டால், "பையன் தங்கமானவன், அவனுக்கு நேரம்தான் சரியில்லை" என்பார். நிராகரிக்கப்பட்டவர் எதிர்க்கடையில் சேர்ந்து அதன் விற்பனையைப் பெருக்கிவிட்டாலோ, அதற்கும் அந்த முதலாளியின் முகராசியே காரணம்.