கரிசலில் சிறுதேர்: ஜாகிங் ஸ்ட்ரோலர் பற்றிய முன்னோடி ஆய்வு, முதல் தொகுதி

வெம்பக்கோட்டையில் விடிகாலை ஐந்தரைக்கு ரோட்டோரம் நிற்பவர்கள் பட்டாசு ஆலை வேனுக்குக் காத்திருப்பவர்கள். ஓடுகிறவர்கள் அந்த வேனைத் தவறவிட்டவர்கள். இரண்டு கூட்டத்திலும் சேராமல் உடம்பு இளைக்க ஓடுகிறவர்கள், அதிலும் கைக்குழந்தையை வண்டியில் வைத்துத் தள்ளிக்கொண்டு ஓடுகிறவர்கள் இந்த வட்டாரத்தில் உண்டா என்ற கேள்வி ஆய்வாளரைக் கலங்கடிக்கக் கூடாது. பொருள் இருக்கிறதா என்று பார்த்துவிட்டுத் தலைப்பைப் பதிவு செய்யும் வழக்கம் நம் பல்கலைக்கழகங்களில் வேரூன்றவே இல்லை.

முதலில் வரையறை. ஜாகிங் ஸ்ட்ரோலர் மூன்று சக்கரம் உடையது. பின் சக்கரங்கள் பெரியவை, பெரும்பாலும் 16 அங்குலம். காற்றடைத்த டயர், சஸ்பென்ஷன், ஐந்து முனை வார், கைப்பிடியில் ஒரு பிரேக், ஓடுகிறவர் மணிக்கட்டில் மாட்டிக்கொள்ள ஒரு பட்டை. கடைத்தெருவுக்குக் கொண்டுபோகும் சாதாரண ஸ்ட்ரோலருக்குச் சக்கரம் உள்ளங்கை அகலம்தான். அதைத் தள்ளிக்கொண்டு ஓடுவது ஆராய்ச்சியில் அடங்காது, ஆஸ்பத்திரிக் கணக்கில் அடங்கும்.

அடுத்து வரலாறு. 1733 வாக்கில் இங்கிலாந்தில் வில்லியம் கென்ட் என்பவர் டெவன்ஷர் கோமகனின் பிள்ளைகளுக்காக, ஆட்டைப் பூட்டி இழுக்கும் குட்டி வண்டி ஒன்றைச் செய்து கொடுத்தார். ஸ்பிட்ஃபயர் போர் விமானத்தின் தரையிறங்கு சக்கரங்களில் வேலை பார்த்த ஓவன் மக்லாரன், 1965இல் குடை மாதிரி மடங்கும் வண்டிக்குக் காப்புரிமை கேட்டார். 1980களின் தொடக்கத்தில் அமெரிக்காவின் யாக்கிமா ஊரில் பத்திரிகை வேலையில் இருந்த ஃபில் பேக்லர், மகனையும் விடமுடியாமல் ஓட்டத்தையும் விடமுடியாமல், ஸ்ட்ரோலரில் சைக்கிள் சக்கரத்தைப் பூட்டினார். 'பேபி ஜாகர்' பிறந்தது. மூவரும் தமிழர் அல்லர் என்பதால் இந்த வரலாறு இத்துடன் கைவிடப்படுகிறது.

உண்மையான வரலாறு பட்டினப்பாலையில் இருக்கிறது. கடியலூர் உருத்திரங்கண்ணனார் பாடியது, 301 அடி. அதில் சோழநாட்டு முற்றத்தில் தானியம் காய்கிறது. கோழி கொத்த வருகிறது. காவலிருந்த பெண் காதிலிருந்த கனத்த குழையைக் கழற்றிக் கோழிமேல் எறிகிறாள். கோழிக்கு என்ன ஆயிற்று என்று புலவர் சொல்லவில்லை. குழை போய்க் கிடந்த இடமோ, காலில் பொன்னணிந்த பிள்ளைகள் குதிரை இல்லாமல் உருட்டிவந்த மூன்று சக்கரச் சிறுதேருக்கு நேர் முன்னால். தேருக்கு வழி மறிபட்டது.

ஊரின் செல்வத்தைச் சொன்ன இடம் என்று ஒரு வரியில் முடித்துக்கொண்டார்கள் உரைகாரர்கள். உ.வே.சா. பத்துப்பாட்டை அச்சேற்றிய 1889 முதல் இன்றுவரை இந்த அடிகளை ஒரு வாகன விபத்து அறிக்கையாக எவரும் படித்ததில்லை. மூன்று சக்கரம் உண்டு. இழுக்க விலங்கு கிடையாது. முன் சக்கரத்துக்கு இடையூறு உண்டு. பொறுப்பில்லாமல் ரோட்டில் பொருளை எறிந்தவரும் உண்டு. ஜாகிங் ஸ்ட்ரோலருக்கு இதைவிட என்ன சான்று வேண்டும் (தேநீர்க்கடை, கிழக்குப் பெஞ்சு)?

ஒரே ஒரு சங்கடம், அந்தத் தேருக்குள் குழந்தை உட்கார்ந்திருந்ததாகப் பாட்டில் இல்லை. பிள்ளைகள் அதை உருட்டுகிறார்கள், அவ்வளவுதான். அது விளையாட்டுத் தேர். புஷ்பக விமானத்தில் பெட்ரோல் டேங்க் கண்டுபிடித்த அறிஞர்கள் வாழும் நாட்டில் இது ஒரு தடையா? இருக்கவே இருக்கிறார் உரைகாரர் நச்சினார்க்கினியர். எங்கோ கிடக்கும் சொல்லைத் தூக்கிவந்து வேறெங்கோ மாட்டிப் பொருள் சொல்வதில் அவருக்கு நிகரில்லை. மறைமலையடிகள் இதற்காகவே அவரைக் கடிந்துகொண்டார். அந்த வழியில் நாலு அடி தள்ளி இருக்கும் குழந்தையைத் தூக்கிவந்து தேருக்குள் மாட்டினால் வேலை முடிந்தது. 'மாட்டியபின் வார் போட்டார்களா?' என்று மேற்குப் பெஞ்சு கேட்டிருக்கிறது (மேலது, இரண்டாம் டீ). ஆய்வுக்குத் தொடர்பில்லாத கேள்வி.

இலக்கியச் சான்று மட்டும் போதாது, மண்ணும் பேச வேண்டும் என்பார்கள். வெம்பக்கோட்டைக்காரர்களுக்கு இதில் கவலையே இல்லை. வைப்பாற்றின் வடகரையில், விஜயகரிசல்குளம் மேட்டில் 2022 மார்ச்சில் தமிழகத் தொல்லியல் துறை குழி போட்டது. முதல் கட்டத்தில் மட்டும் 3,000க்கும் மேற்பட்ட பொருட்கள் கிடைத்தன. சங்கு வளையல், கண்ணாடி மணி, சுடுமண் உருவங்கள், யானைத் தந்தப் பதக்கம், கூடவே வட்டச் சில்லுகள். உடைந்த பானையின் ஓட்டை வட்டமாகத் தட்டி, விளிம்பைத் தேய்த்து எடுத்தவை இந்தச் சில்லுகள். பிள்ளைகள் விளையாடியவை என்கிறது துறை. ஓட்டை இல்லாத வட்டம் கிடைத்தால் சில்லு, ஓட்டை உள்ள வட்டம் கிடைத்தால் சக்கரம், பாதி ஓட்டை உள்ள வட்டம் கிடைத்தால் கருத்தரங்கம் என்பதே வழக்கமான வகைப்பாடு.

இந்த ஆய்வு ஒரு படி மேலே போகிறது. சில்லு என்பது முன் சக்கரம். மூன்று கட்ட அகழாய்விலும் ஒரு முழு ஸ்ட்ரோலர் கிடைக்கவில்லையே என்றால், மரச்சட்டம் மக்கியிருக்கும், துணி மக்கியிருக்கும், குழந்தை வளர்ந்து போயிருக்கும். கிடைக்காமை என்பதே இருந்ததற்கு உறுதியான சான்று (மேலது, மேற்குப் பெஞ்சின் மறுப்புரை, மூன்றாம் டீ, வடைக்கு முன், வடைக்குப் பிந்திய பாடத்தில் இந்த மறுப்பு காணப்படவில்லை).

இப்போது சக்கர அளவு. குழையின் பருமனை 2 சென்டிமீட்டர் என்று கொள்வோம். கொள்ளாவிட்டால் இந்த இயல் நகராது. 10 சென்டிமீட்டர் விட்டமுள்ள சாதாரண ஸ்ட்ரோலர் சக்கரம் அதன்மீது ஏற, அச்சில் கொடுக்கவேண்டிய விசை அந்தச் சக்கரம் தாங்கும் எடையைவிட மூன்றில் ஒரு பங்கு அதிகம். 40 சென்டிமீட்டர் சக்கரத்துக்கோ அந்த எடையில் பாதிகூட வேண்டாம். இது பள்ளிக்கூட இயற்பியல்தான், யார் வேண்டுமானாலும் போட்டுப் பார்க்கலாம். ஓட்டத்தில் சின்னச் சக்கரம் கல்லில் முட்டினால் வண்டி நிற்கும், தள்ளுகிறவர் நிற்கமாட்டார். பட்டினப்பாலைத் தேரும் சின்னச் சக்கரத் தேராகத்தான் இருந்திருக்க வேண்டும். வெம்பக்கோட்டைப் பக்கம் ரோட்டில் பொற்குழை கிடப்பதில்லை, ஜல்லி கிடக்கிறது. முடிவு ஒன்றே.

முன் சக்கரம் எல்லாப் பக்கமும் திரும்புவதா, நேராக நிற்பதா என்பது சைவ வைணவப் பூசலுக்கு இணையான பூசல். நடக்கும்போது திரும்பட்டும், ஓடும்போது நேராகப் பூட்ட வேண்டும். திரும்பும் சக்கரம் வேகத்தில் வெடவெடத்து வண்டியைக் கவிழ்த்துவிடும். பூசல் முடிந்தது.

அந்தச் சக்கரம் கழன்றே போனால்? அமெரிக்க நுகர்வோர் பொருள் பாதுகாப்பு ஆணையம் 2018 பிப்ரவரியில் பிரிடாக்ஸ் நிறுவனத்தின்மீது வழக்குப் போட்டது. அதன் 'பாப்' ஸ்ட்ரோலரின் முன் சக்கரம் கழன்றுகொள்வதாக ஏறக்குறைய 200 புகார்கள் வந்திருந்தன. காயம்பட்டவர்களில் குழந்தைகளும் உண்டு, தள்ளிய பெரியவர்களும் உண்டு. சட்டென்று கழற்றி மாட்ட வசதியாக வைத்த நெம்புகோல்தான் சிக்கல். ஒழுங்காக மாட்டினால் கழலாது என்றது நிறுவனம். நவம்பரில் சமரசமாகி, வாங்கியவர்களுக்கு வேறு அச்சு கொடுக்க ஒப்புக்கொண்டது. வள்ளுவர் 667ஆம் குறளிலேயே அச்சாணியைக் கவனிக்கச் சொல்லிவிட்டார், அமெரிக்கா தாமதமாக விழித்தது என்று ஒரு சாரார் எழுதுவார்கள். எழுதட்டும். ஓடப் புறப்படும் முன் வண்டியின் மூக்கைத் தூக்கி, முன் சக்கரத்தை ஒரு குலுக்கு குலுக்கிப் பார்ப்பவரே குறளைப் படித்தவர்.

டயர் விஷயத்தில் இந்தச் சீமைக்கு என்று தனி இலக்கணம் உண்டு. காற்றடைத்த டயர்தான் குழந்தைக்குச் சொகுசு. ஆனால் நீதிமன்றம் வரை போய்வந்தும் அசையாமல் நிற்கும் சீமைக்கருவேலத்தின் முள், கண்மாய்க் கரைப் பாதையெல்லாம் கொட்டிக் கிடக்கிறது. ஆக, பஞ்சர் ஒட்டும் சைக்கிள் கடை எவ்வளவு தூரத்தில் இருக்கிறதோ, அதுவே ஓட்டத்தின் அதிகபட்சத் தூரம். காற்றில்லாத கெட்டி டயர் முள்ளுக்கு அஞ்சாது, ஆனால் ஒவ்வொரு கல்லையும் குழந்தையின் முதுகுக்குச் சொல்லிவிடும். மழைக்குப் பிறகு கரிசல் மண்ணில் இறக்கினால் எந்த டயரானாலும் ஒன்றுதான். சக்கரம் மண்ணை எடுத்துக்கொள்ளும், மண் செருப்பை எடுத்துக்கொள்ளும்.

எத்தனை மாதத்தில் குழந்தையை ஏற்றலாம்? ஆறு மாதம் என்பார்கள் தயாரிப்பாளர்கள், சிலர் எட்டு. கழுத்து நிற்க வேண்டும், பிடிப்பில்லாமல் உட்கார வேண்டும், மருத்துவர் சரி என்று சொல்ல வேண்டும். மூன்று வரியில் முடிகிற இந்தச் செய்தியைப் பிள்ளைத்தமிழின் பத்துப் பருவங்களில் பொருத்திக் காட்டாவிட்டால் ஆராய்ச்சி என்று யார் ஒப்புக்கொள்வார்கள்? ஐந்தாம் மாதம் செங்கீரை. குழந்தை தலையை நிமிர்த்தி ஆடும், ஆனால் ஓட்டத்தின் குலுக்கலுக்கு அந்தக் கழுத்து போதாது. ஒன்பதாம் மாதம் சப்பாணி. உட்கார்ந்து கைகொட்டும் பிள்ளை, தாராளமாக ஏற்றலாம். சிக்கல் கடைசிப் பருவத்தில் வருகிறது. ஆண்பால் பிள்ளைத்தமிழ் சிறுதேரில் முடிகிறது. பெண்பால் பிள்ளைத்தமிழில் சிறுதேரே கிடையாது, அங்கே ஊசல்தான். அப்படியானால் பெண் குழந்தையை ஸ்ட்ரோலரில் வைக்க மரபு இடம் தருமா?

தரும். ஆண்பிள்ளைக்குத் தேரையும் பெண்பிள்ளைக்கு ஊஞ்சலையும் பிரித்துக் கொடுத்த புலவர்கள் இரண்டையும் சேர்க்க மறந்துவிட்டார்கள். தேருக்கு அடியில் ஊஞ்சலைக் கட்டினால் அதுதான் சஸ்பென்ஷன். இந்தக் கண்டுபிடிப்புக்காக மட்டுமே இக்கட்டுரைக்கு ஒரு பட்டம் தரலாம் (கிழக்குப் பெஞ்சு ஏகமனதாக, மேற்குப் பெஞ்சு அந்நேரம் வேனுக்குப் போய்விட்டது).

பிரேக் பற்றிய மூலபாடம் சிதைந்திருக்கிறது (வடை மடித்த தாளில் உள்ள குறிப்பு, இடது ஓரம், எண்ணெய் ஊறிய மூன்றாம் வரி, 'பிரேக்கைப் பிடி' என்பது கிழக்குப் பெஞ்சின் பாடம், 'பீர்க்கைப் பிடி' என்பது மேற்குப் பெஞ்சின் பாடம், சந்தை நாளில் எழுதப்பட்ட குறிப்பு என்பதால் பீர்க்கங்காயே மூலம் என்று கடைக்காரர் கருதுகிறார், அதே தாளின் மறுபக்கத்தில் தக்காளியும் காணப்படுவது அவர் வாதத்துக்கு அரண்). பாடம் எதுவானாலும் பிரேக் இரண்டு வேண்டும். ஓடும்போது வேகம் குறைக்கக் கைப் பிரேக், நிறுத்தியபின் உருளாமலிருக்கக் கால் பிரேக். பீர்க்கங்காயைக் கைப்பிடியில் தொங்கவிடக் கூடாது. பின்பக்கம் கனத்தால் வண்டி மல்லாந்துவிடும். சிறுதேரில் சுமை ஏற்றுவதன் கேட்டைச் சூத்திரகர் வடமொழியில் ஒரு நாடகமாகவே எழுதியிருக்கிறார். பண்டிதமணி கதிரேசச் செட்டியார் அதை 'மண்ணியல் சிறுதேர்' என்று தமிழாக்கினார். குழந்தையின் மண் வண்டியில் வசந்தசேனை நகையைப் போட்டுவிட்டுப் போனாள், குழந்தையின் தகப்பன் சாருதத்தன் கொலைக்களம் வரை போனான்.

மணிக்கட்டுப் பட்டை: மாட்டவும்.

வெயிலுக்கு வண்டிமேல் துண்டையோ சேலையையோ போர்த்தும் பழக்கத்தை மட்டும் வேடிக்கையாகச் சொல்வதற்கில்லை. துணி போர்த்தினால் காற்று அடைபட்டு உள்ளே சூடு ஏறும், குழந்தை வாடுவது வெளியே தெரியாது. காற்றோட்டமுள்ள கூரையும், மேலிருந்து குழந்தையைப் பார்க்க ஒரு ஜன்னலும் இருக்கிற வண்டிதான் இந்த ஊருக்கு. அதோடு வெயிலுக்கு முன் ஓடிவிட வேண்டும். இருட்டில் ஓடுவதானால் வண்டியில் ஒளி எதிரொளிக்கும் பட்டையும் ஒரு விளக்கும் வேண்டும். டிப்பர் லாரிக்குப் பட்டினப்பாலை தெரியாது.

வகைப்பாட்டில் வட்டார வழக்கே பின்பற்றப்படுகிறது. பட்டாசு ஆலைகளை, லைசன்ஸ் கொடுத்த இடத்தை வைத்து, நாக்பூர் லைசன்ஸ், சென்னை லைசன்ஸ், டி.ஆர்.ஓ. லைசன்ஸ் என்று பிரிப்பது இங்கே பச்சைப்பிள்ளைக்கும் தெரியும். ஸ்ட்ரோலரும் அவ்வாறே. வெளிநாட்டு அண்ணன் வரும்போது கொண்டுவந்தது நாக்பூர். சென்னையில் கடையேறி வாங்கியது சென்னை. பக்கத்து வீட்டில் இரவல் வாங்கியது டி.ஆர்.ஓ. மூன்றாம் வகையில் ஐந்து முனை வாரில் இரண்டு முனை காணாமல் போயிருக்கும். இரண்டு தோள், இரண்டு இடுப்பு, ஒன்று கால்களுக்கு நடுவே என்று ஐந்தும் எண்ணிப் பார்த்துத்தான் ஏற்ற வேண்டும். மேற்குப் பெஞ்சு இரண்டாம் டீயிலேயே கேட்டது இதைத்தான்.

கைப்பிடி இடுப்புக்குச் சற்று மேலே இருக்கட்டும். மடித்தால் மினி பஸ்ஸில் ஏறுமா என்பது கண்டக்டரைப் பொறுத்தது.

நாய்கள் பற்றிய இயல், பொருளின் விரிவு கருதி, இரண்டாம் தொகுதிக்கு ஒத்திவைக்கப்படுகிறது. களப்பணிக்குப் போன ஆய்வாளர்கள் எதிர்பார்த்ததைவிட வேகமாகத் திரும்பிவிட்டார்கள்.