கோலியாத்துக்கு அடுத்த அத்தியாயம்

கேள்வி: ஞாயிறு பள்ளியில் நட்பைப் பற்றிச் சொல்லத் தாவீதை எடுத்தால், பிள்ளைகள் கோலியாத்தைத்தான் கேட்கிறார்கள். என்ன செய்வது?

பதில்: முதலில் கோலியாத்தை விழவைத்துவிடுங்கள். அவன் விழாமல் பிள்ளைகள் விடமாட்டார்கள். அடுத்த அத்தியாயத்திலேயே யோனத்தான் வந்துவிடுகிறான். பட்டத்து இளவரசன், தன் சால்வை, வாள், வில், கச்சை எல்லாவற்றையும் ஆடு மேய்த்த பையனிடம் கழற்றிக் கொடுக்கிறான். பென்சிலை இரவல் தர யோசிக்கிற வகுப்பில் இது சுருக்கென்று தைக்கும்.

பிறகு அம்பு விடும் காட்சி. அதை நடிக்கவே வையுங்கள். ஒளிந்திருக்கும் தாவீதுக்கு, “ஓடிப் போ, அப்பா கொல்லப் பார்க்கிறார்” என்பதை மூன்று அம்புகளால் சொல்கிறான் யோனத்தான். அம்பு பொறுக்கும் பையனுக்குக் கடைசிவரை ஒன்றும் புரியாது. கவனிக்காத மாணவனுக்கு ஏற்ற வேடம். நண்பனுக்காகப் பரிந்து பேசியதற்கு, பெற்ற தகப்பன் சவுலே யோனத்தான்மேல் ஈட்டியை ஓங்கினான் என்பதையும் மறைக்காதீர்கள்.

பெரும்பாலோர் இத்தோடு முடித்துவிடுவார்கள். என் கட்சி வேறு: கதையின் உயிர் 2 சாமுவேல் 9-இல்தான். யோனத்தான் போரில் இறந்து பல காலத்துக்குப் பின், ராஜாவான தாவீது அவனுடைய மகனைத் தேடிப் பிடிக்கிறான். இரண்டு கால்களும் முடமான மேவிபோசேத், தலை போகப்போகிறது என்று நடுங்கி வருகிறான். கிடைத்ததோ தாத்தாவின் நிலமும், தினமும் ராஜ பந்தியில் சாப்பாடும்!